‘லடைற்’ எண்டு திட்டுறதுக்கு முதல் அந்த ஆலைக்குள்ள ஒருக்கால் எட்டிப் பாருங்கோ

புதுத் தொழில்நுட்பம் ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டால் போதும், பதிலுக்கு ஒரு சொல் வந்து விழுகிறது: ‘லடைற்’. செயற்கை நுண்ணறிவு வந்தால் மொழிபெயர்ப்பை நம்பி வாழுற ஆக்களுக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டால் லடைற். தொழிற்சாலையில ஒரு மெஷின் வந்ததும் வேலை போன பெண்களுக்கு ஆர் பொறுப்பு எண்டு கேட்டால் லடைற். சொல்லுறவர் பெரும்பாலும் நல்லாப் படிச்சவர். ஆனால் அந்தச் சொல் எங்க இருந்து வந்தது, ஆர் அந்த மனிசர், அவை உடைச்ச மெஷின் என்ன வேலை செய்தது எண்டு கேட்டால் ஒரு வரிக்கு மேல வராது. ‘முன்னேற்றத்துக்குப் பயந்து மெஷின்களை உடைச்ச முட்டாள்கள்’ எண்டுறதோட கதை முடிஞ்சிடும்.

கதை அங்க முடியவில்லை. அதைக் காட்டுவதற்கு இங்கிலாந்தில் இன்னும் சில கட்டடங்கள் நிற்கின்றன. கம்பளித் துணியை முடித்துக் கொடுத்த ஆலைகள் அவை. கட்டடம், நீர்ச்சக்கரம், மரச் சம்மட்டி, முள் உருளை எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருக்கிற ஆலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றையும் ‘செலவுக்குக் கட்டாது’ எண்டு பூட்டப் பார்க்கிறார்கள், ஒருமுறை பூட்டியும் பார்த்தார்கள். இந்தக் கட்டுரை அதற்கு எதிரானது. எங்களில் ஒருத்தரும் அங்கே போனதில்லை. ஆனால் ‘லடைற்’ எண்ட சொல் எங்கட வாய்க்குள்ளயும் வந்து குடியேறி விட்டதால், அந்தச் சொல்லின் வீட்டைப் பற்றிப் பேச எங்களுக்கும் உரிமை இருக்கிறது.

தறியில இருந்து இறங்கினது துணி இல்லை

முதலில் இந்த ஆலைகள் என்ன செய்தன எண்டு விளங்க வேண்டும். அது விளங்காமல் மற்றது ஒன்றும் விளங்காது.

பருத்தி போட்டு வளர்ந்த எங்களுக்குத் தறியில இருந்து இறங்கினால் அது துணி. கம்பளி அப்படியில்லை. தறியில இருந்து இறங்குற கம்பளி நெசவு சாக்கு மாதிரி இருக்கும். இழைகளுக்கு நடுவில வெளிச்சம் தெரியும். நூற்கும்போது பூசின எண்ணெயும் அழுக்கும் நாறும். அதைக் குளிருக்கும் மழைக்கும் போடக்கூடிய துணியாக மாற்றுவது தனித் தொழில், தனிக் கட்டடம், தனி மனிதர்கள்.

முதல் வேலை மிதித்து இறுக்குவது. பழைய காலத்தில் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்தார்கள். பிறகு நீர்ச்சக்கரம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சக்கரம் சுற்ற, அதோடு சேர்ந்த தண்டு பெரிய மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடும். கீழே தொட்டிக்குள் ஈரத் துணி கிடந்து அடி வாங்கும், மணிக்கணக்கில். கொழுப்பை எடுக்க ஒரு வகைக் களிமண்ணும், நாட்பட்ட மனிதச் சிறுநீரும் சேர்ப்பார்கள். பகிடியில்லை. சிறுநீரில் உருவாகும் அமோனியா தான் அந்தக் காலத்துச் சவர்க்காரம். ஊர் வீடுகளில் இருந்து வாளி வாளியாகச் சேர்த்தார்கள். அடி வாங்கி முடியும்போது துணி நீளத்திலும் அகலத்திலும் கணிசமாகச் சுருங்கி, இழை இழையோடு கோர்த்து, நெசவே தெரியாத அளவுக்கு இறுகிவிடும்.

அடுத்தது இழுத்துக் காயவிடுவது. மைதானம் நீளத்துக்கு மரச் சட்டங்கள், அவற்றில் வளைந்த கொக்கி ஆணிகள். ஈரத் துணியின் இரண்டு கரையையும் அதில் மாட்டி, அளவுக்கு இழுத்து, வெயிலிலும் காற்றிலும் விடுவார்கள். ஆங்கிலேயர் பதைபதைப்பில் இருப்பதைச் சொல்ல இன்றைக்கும் இந்தக் கொக்கியைத் தான் இழுக்கிறார்கள்.

பிறகு மயிர் எழுப்புவது. இதற்கு ஒரு செடியின் காய்ந்த பூத்தலை. பெயர் ரீசல். வளைந்த சின்னச் சின்ன முள் நிறைந்தது. அதைச் சட்டத்தில் அடுக்கி ஈரத் துணியில் வார, இறுகின துணியில் இருந்து மெல்லிய மயிர் எழும்பும். கம்பி முள்ளால் இதைச் செய்யலாமே எண்டு கேட்கலாம். துணியில் ஒரு முடிச்சு தட்டினால் கம்பி துணியைக் கிழிக்கும், ரீசல் தானே முறியும். அதனால் தான் இரும்பு மலிந்த காலத்திலும் நல்ல துணிக்கு இந்தச் செடியைத் தேடினார்கள். உருளையில் ரீசலை அடுக்கி நீர்ச்சக்கரத்தால் சுற்ற வைத்த இயந்திரத்துக்குக் கிக்-மில் எண்டு பெயர்.

கடைசியில் வெட்டுவது. எழும்பின மயிர் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வளைந்த மெத்தைப் பலகையில் துணியை விரித்து, ஏறத்தாழ நான்கு அடி நீளமும் நாற்பது இறாத்தலுக்கு மேல் பாரமும் உள்ள ஒரு கத்தரியால் வெட்டுவார்கள். ஒரு அலகு துணியில் படுத்திருக்கும், மற்ற அலகு அதன் மேல் போய் வரும். எழுப்பு, வெட்டு, திரும்ப எழுப்பு, திரும்ப வெட்டு. கை கொஞ்சம் சறுக்கினால் மாதக் கணக்கான வேலை, ஆட்டில இருந்து தறி வரைக்கும் எல்லாருடைய வேலையும், அந்த ஒரு வெட்டில் பாழ். அதே துணி நல்ல கையால் முடிந்தால் அதன் விலையே வேறு. இந்தக் கத்தரிக்காரரை யோர்க்ஷயரில் குறொப்பர் எண்டார்கள். அவர்களின் மணிக்கட்டில் கத்தரிப் பிடி உரசி உரசி மாட்டுக் குளம்பு மாதிரிக் காய்ப்பு இருக்கும். ஒருத்தன் குறொப்பரா இல்லையா என்பதற்கு அடையாள அட்டை தேவைப்படவில்லை. கையைப் பார்த்தால் போதும்.

லங்காஷயரில் ஹெல்ம்ஷோர் எண்ட இடத்தில் இருக்கிற ‘ஹையர் மில்’ இந்தத் தொழிலுக்கென்றே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரேனர் குடும்பம் கட்டினது. கல் கட்டடம். உள்ளே நீர்ச்சக்கரம், அதனால் ஓடும் மரச் சம்மட்டிகள், ரீசல் உருளை. தூர இடத்தில் இருந்து கொண்டு வந்து கண்ணாடிக்குள் வைத்த சாமான்கள் இல்லை. வேலை செய்த இடத்திலேயே நிற்கின்றன. பக்கத்தில் பின்னாளில் பருத்தி நூற்ற இன்னொரு ஆலையும் இருக்கிறது. ஆலை வேலை 1967இல் நின்றது.

சம்மட்டிக்கு முதல் மனு

இப்ப ‘முட்டாள்கள்’ கதைக்கு வருவோம்.

கிக்-மில் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆறாம் எட்வேர்ட் காலத்திலேயே, 1551-52இல், அதைத் தடைசெய்யும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது. அதாவது குறொப்பர்மார் எதிர்த்தது நேற்று வந்து கண்டு பயந்த ஏதோ ஒரு பூதத்தை இல்லை. இருநூற்றைம்பது வருசமாகச் சட்டப் புத்தகத்தில் தடை இருந்த ஒரு மெஷினை முதலாளிமார் பகிரங்கமாக ஓட்டத் தொடங்கினதைத் தான் எதிர்த்தார்கள். கத்தரிகளை ஒரு சட்டத்தில் பூட்டி நீர்விசையால் ஓட்டும் வெட்டு மெஷினும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து சேர்ந்தது.

அவர்கள் முதலில் தூக்கினது சம்மட்டியை இல்லை, பேனையை. பணம் சேர்த்தார்கள், வழக்கறிஞரைப் பிடித்தார்கள், பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். ‘இருக்கிற சட்டத்தை அமுல்படுத்துங்கோ’ என்பது தான் கோரிக்கை. 1806இல் பாராளுமன்றக் குழு விசாரித்தது, முதலாளிமார் பக்கம் சாய்ந்தது. 1809இல் பாராளுமன்றம் அந்தப் பழைய சட்டங்களையே தூக்கி எறிந்தது. இதற்கிடையில் 1799, 1800 சட்டங்களால் தொழிலாளர் சங்கம் அமைப்பதே குற்றம். சட்டம் உங்கட பக்கம் இருந்தால் சட்டத்தை எடுத்துவிடுவார்கள், ஒன்று கூடினால் மறியலில் போடுவார்கள். பிறகு என்ன வழி மிச்சம்?

தெற்கில் வில்ட்ஷயரிலும் இதே கதை முன்னமே நடந்திருந்தது. 1802இல் ஒரு ஆலை எரிந்ததற்கு ட்ரோபிரிட்ஜில் துணி வெட்டப் பழகிக்கொண்டிருந்த தோமஸ் ஹெலிக்கர் எண்ட பொடியனைப் பிடித்தார்கள். 1803 மார்ச் 22இல், அவனுடைய 19ஆவது பிறந்தநாளில், தூக்கில் போட்டார்கள். அவன் குற்றமற்றவன் என்று ஊர் நம்பியது.

யோர்க்ஷயரில் 1812இல் வெடித்தது. மார்ஸ்டனில் ஈனொக் ரெய்லர் எண்ட கொல்லரின் பட்டறை வெட்டு மெஷின்களைச் செய்து கொடுத்தது. அவற்றை உடைக்கக் கொண்டு போன பெரிய சம்மட்டிக்கும் குறொப்பர்மார் ‘ஈனொக்’ எண்டே பெயர் வைத்தார்கள். இந்தப் பகிடியை முட்டாள்கள் விட மாட்டார்கள். அவர்கள் எல்லா மெஷினையும் உடைக்கவில்லை. ஆலைக்குள் புகுந்தால் வெட்டு மெஷினைத் தேடித்தான் உடைத்தார்கள். நீர்ச்சக்கரத்தில் ஓடுற மரச் சம்மட்டியோடு அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அதுவும் மெஷின் தான், அதுவும் மனிதக் காலின் வேலையைப் பறித்தது தான். ஆனால் அது நூற்றாண்டுகளாக அவர்கள் வாழ்க்கையோடு பொருந்தி இருந்தது. அந்த இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழ் பார்க்கிற ஒருவருக்கு ‘மெஷினுக்குப் பயந்தவர்கள்’ எண்ட பேச்சு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். கட்டடத்தையும் மெஷினையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் எண்டு நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இது.

1812 ஏப்ரல் 11 இரவு லிவர்செட்ஜுக்குப் பக்கத்தில் ரோஃபோல்ட்ஸ் எண்ட இடத்தில் இருந்த வில்லியம் கார்ட்ரைட்டின் துணி முடிக்கும் ஆலையை நூற்றுக்கும் மேற்பட்டோர் தாக்கினார்கள். உள்ளே சிப்பாய்களும் துப்பாக்கியும் தயாராக இருந்தன. இரண்டு லடைற்றுகள் காயப்பட்டு இறந்தார்கள். இரண்டு கிழமையில், ஏப்ரல் 28இல், ஆலை முதலாளி வில்லியம் ஹோர்ஸ்ஃபோல் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை நாங்கள் வெள்ளையடிக்க வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். 1813 ஜனவரி 8இல் ஜோர்ஜ் மெலர் உட்பட மூன்று பேரை யோர்க்கில் தூக்கில் போட்டார்கள். எட்டு நாள் கழித்து ஒரே நாளில் இன்னும் பதினான்கு பேர். இவர்களில் அதிகம் பேர் ஒருவரையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களே இல்லை. ஆலையைத் தாக்கினது, ஆயுதம் பறித்தது போன்றவை தான் குற்றச்சாட்டு. நொட்டிங்ஹாம் பக்கத்தில் பின்னல் சட்டகங்களை உடைத்தவர்களுக்கு எதிராக அதற்கு முதல் வருசமே மரண தண்டனைச் சட்டம் கொண்டு வந்திருந்தார்கள். கவிஞர் பைரன் 1812 பெப்ரவரி 27இல் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சை அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தான் பேசினார். சட்டம் நிறைவேறியது.

குறொப்பர்மார் பயந்தது நடக்கவில்லை எண்டால் அவர்களை முட்டாள்கள் எண்டு சொல்லலாம். நடந்தது என்ன? 1817இல் அவர்கள் திரும்பவும் மனுக் கொடுத்தபோது கணக்கும் கொடுத்தார்கள். 1806இல் யோர்க்ஷயரில் 5 கிக்-மில்கள், 1817இல் 72. மெஷினால் ஓடிய கத்தரிகள் 100இல் இருந்து 1,462 ஆகின. 3,378 குறொப்பரில் 1,170 பேருக்கு வேலையே இல்லை, 1,445 பேருக்கு அரைகுறை வேலை. ஒழுங்காக வேலை இருந்தவர் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. பதினொரு வருசத்தில் ஒரு தொழில் அழிந்தது. அவர்கள் கணக்கில் பிழை விடவில்லை. தோற்றார்கள், அவ்வளவுதான். தோற்றவனை முட்டாள் எண்டு சொல்றது வென்றவனுடைய பழக்கம், அதை நாங்கள் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

அந்தச் சிவப்புத் துணி

‘இங்கிலாந்துக் கம்பளியில எங்களுக்கு என்ன?’ எண்டு ஒருத்தர் கேட்பார். உள்ளூர் ஆலை ஒன்றோடு இதை வலிந்து முடிச்சுப் போட நாங்கள் விரும்பவில்லை. ஆனால் உண்மையான ஒரு இழை இருக்கிறது.

இந்த ஆலைகளுக்கு ஆர் வாடிக்கையாளர்? க்ளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு சிவப்புத் துணிக்குப் பேர் போனது. அங்கே முடித்த துணி இராணுவச் சீருடைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பனி இங்கிலாந்துக் கம்பளியை வாங்கிச் சீனா வரைக்கும் ஏற்றியது. யோர்க்ஷயர் முதலாளிமாரும் யுத்த காலத்தில் படைக்குத் துணி கொடுத்துக் கொழுத்தார்கள். 1812இல் லடைற்றுகளை அடக்க 12,000 சிப்பாய்களை இறக்கினார்கள். 1808இல் வெலிங்டன் ஐபீரியாவுக்குக் கூட்டிப் போன படையை விட அது பெரிது. அந்தச் சிப்பாய்களின் உடம்பில் இருந்த கோட்டு, கத்தரிக்காரர் போன்றவர்கள் கை நோக முடித்துக் கொடுத்த துணி. தங்கட துணியைப் போட்டுக்கொண்டு வந்தவனிடம் தான் அவர்கள் அடி வாங்கினார்கள்.

அதே நிறக் கோட்டுப் போட்ட படை தான் 1803இல் கண்டிக்கு ஏறியது, 1815இல் அதைப் பிடித்தது, 1818இல் ஊவாக் கிளர்ச்சியை எரித்து அடக்கியது. எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தக் கோட்டு வெறும் படம். அந்தத் துணி எப்படி ஆனது, அதை ஆக்கினவனுக்கு என்ன நடந்தது எண்டு ஒரு வரியும் இல்லை. பேரரசு எங்களை மட்டும் மிதிக்கவில்லை. தன் வீட்டுக்குள்ளேயும் மிதித்தது, அதற்கும் அதே சப்பாத்து. ஹெல்ம்ஷோரில் நிற்கிற அந்த மரச் சம்மட்டி எங்கட வரலாற்றுக்கும் ஒரு சாட்சி.

பூட்டினால் மிச்சம் என்ன?

இப்ப இந்தக் கட்டடங்களுக்கு நடக்கிறதைப் பார்ப்போம்.

ரோஃபோல்ட்ஸ் ஆலை இன்று இல்லை. இங்கிலாந்துத் தொழிலாளர் வரலாற்றில் அத்தனை முக்கியமான இரவு நடந்த இடத்தில் பார்க்க அந்தக் கட்டடமே கிடையாது.

ஸ்ட்ரவுட் பக்கத்தில் நெய்ல்ஸ்வேர்த்தில் டன்கர்க் மில் இருக்கிறது. அழகான பெரிய கல் ஆலை. அதன் பெரும்பகுதி இன்று அடுக்குமாடி வீடுகள். ஒரு மூலையில் ஒரு நீர்ச்சக்கரமும் துணி முடிக்கும் மெஷின்களும் மிஞ்சி, உள்ளூர் அறக்கட்டளை ஒன்றின் தொண்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தத் தொண்டர்களுக்கு எங்கட மரியாதை. ஆனால் இந்த ஏற்பாட்டை ‘வெற்றிகரமான பாதுகாப்பு’ எண்டு கொண்டாடுகிறவர்களிடம் ஒரு கேள்வி: ஆலையின் சுவர் முழுக்க வாங்கக்கூடியவனுக்கு, ஆலையின் வேலைக்கு ஒரு மூலை. பாதுகாத்தது எதை? ஜன்னலும் கல்லும் விலை போகும் எண்டதால் நிற்கின்றன. மெஷின் விலை போகாது எண்டதால் மூலைக்குப் போகிறது.

ஹெல்ம்ஷோர் தப்பினது ஒரு சின்ன அதிசயம். 1967இல் ஆலை நின்றபோது உள்ளூர் ஆட்கள் ஒரு அறக்கட்டளையாகக் கூடி மெஷின்களோடு சேர்த்துக் காப்பாற்றினார்கள். அதில் வரலாற்று எழுத்தாளர் கிறிஸ் அஸ்பினும் இருந்தார், பின்னாளில் தட்சர் அரசில் துணை அமைச்சராக இருந்த றோட்ஸ் பொய்சனும் இருந்தார். பிறகு அது லங்காஷயர் மாவட்ட சபையின் நூதனசாலை ஆனது. மத்திய அரசு காசை வெட்ட, சபை நூதனசாலைகளை வெட்டியது. 2016 செப்டெம்பர் கடைசியில் ஹெல்ம்ஷோரையும், பேர்ன்லியில் நீராவியால் தறி ஓடுகிற குயீன் ஸ்ட்ரீற் மில்லையும் பூட்டினார்கள். பூட்டின சபையை நடத்தியது தொழிற்கட்சி, காசை வெட்டின மத்திய அரசு கொன்சர்வேற்றிவ். 2017இல் சபை கொன்சர்வேற்றிவ் கைக்கு மாறியது, 2018இல் வருசத்தின் ஒரு பகுதிக்கு, கிழமையில் சில நாட்களுக்கு மட்டும் இரண்டும் திறந்தன. ஆகவே எந்தக் கட்சிக்கும் இதில் கைதட்ட ஒன்றுமில்லை. தொழிலாளர் பெயரில் நடக்கிற கட்சி தொழிலாளர் வரலாற்றைப் பூட்டியது. காசை வெட்டினவர்களின் கட்சி திறப்பு விழாப் புகழை எடுத்துக்கொண்டது.

பூட்டுறதுக்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. மூன்றுக்கும் பதில் சொல்லுவோம்.

ஒன்று: ‘காசில்லை. முதியோர் பராமரிப்பா, பழைய மெஷினா?’ இந்தக் கேள்வியைக் கேட்கிற இடமே பிழை. முதியோரையும் நூதனசாலையையும் ஒரே சின்னக் கிண்ணத்துக்காக அடிபட விட்டவன் ஆர், கிண்ணத்தைச் சின்னனாக்கினவன் ஆர் எண்டு கேட்காமல், கிண்ணத்துக்குள்ள நிண்டு சண்டை பிடிக்கச் சொல்லுறாங்கள். ஹெல்ம்ஷோரைச் சுற்றி இருக்கிற முதியோரில் எத்தனை பேர் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகள்? அவர்களைப் பராமரிக்கிறதும் அவர்களின் தாய் தகப்பன் உழைத்த இடத்தைப் பராமரிக்கிறதும் எதிரெதிர் வேலை இல்லை.

இரண்டு: ‘வீடியோ எடுத்து வைச்சால் போதாதா?’ எங்கட வயசுக்காரர் அடிக்கடி சொல்லுற நியாயம் இது. நாங்களே இந்த ஆலைகளைக் காணொளியில் தான் பார்த்தோம், ஆகவே அதன் அருமையை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காணொளி எடுக்க மெஷின் ஓட வேண்டி இருந்தது. மெஷின் ஓட, அதை ஓட்டத் தெரிந்தவர் தேவைப்பட்டார். நீர்ச்சக்கரம் ஓடாமல் நிண்டால் மரம் காய்ந்து வெடிக்கும், இரும்பு கறள் பிடிக்கும். அதை விட வேகமாக அழிவது மனிதருக்குள் இருக்கும் அறிவு. எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் நிற்பாட்ட வேண்டும், அடைபட்ட ரீசலை எப்ப மாற்ற வேண்டும் எண்டு தெரிந்த ஒருவர் ஓய்வுக்குப் போகிற நாளில் கதவு பூட்டி இருந்தால் அடுத்தவருக்கு அது போகாது. பிறகு திறந்தாலும் மெஷின் பொம்மை தான்.

மூன்று: ‘இது என்ன, முதலாளிமாரின்ர பெருமைக்கு ஒரு கோயில் தானே?’ இது எங்கட பக்கத்தில் இருந்தே வருகிற கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. தொழில் வரலாற்றை ‘இன்னார் கண்டுபிடித்தார், இன்ன வருசம் காப்புரிமை’ எண்டு முடிக்கிற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. ஸ்ட்ரவுட் பக்கத்தில் துணியின் மயிர் வெட்டுற சுழல் கத்தி மெஷினுக்கு ஜோன் லூயிஸ் 1815இல் காப்புரிமை எடுத்தார். அந்த மாதிரி மெஷினைப் பார்த்த எட்வின் படிங் 1830இல் புல்வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். இன்று உலகம் பூரா கிரிக்கெட் மைதானத்தில் ஓடுகிற மெஷினின் தாய் கம்பளித் துணி மெஷின். அருமையான தகவல், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சுழல் கத்தி வர முதல் அந்த வேலையைச் செய்த கைக்கு என்ன நடந்தது எண்டு அடுத்த வரியில் சொல்லாவிட்டால், தகவல் விளம்பரமாகிவிடும். லூயிஸ் காப்புரிமை எடுத்ததற்கும் குறொப்பர்மார் 1,170 பேர் வேலையில்லை எண்டு எழுதினதற்கும் இடையில் இரண்டே வருசம்.

ஆனால் கோயிலில் சாமியைப் பிழையாகக் கும்பிடுகிறார்கள் எண்டதற்காகக் கோயிலை இடிக்கச் சொல்லுறதில்லை. பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டும். பலகையை மாற்றக் கட்டடம் நிற்க வேண்டும், மெஷின் நிற்க வேண்டும். சம்மட்டி அடிக்கிற சத்தத்தை நெஞ்சில் வாங்கின பிள்ளையிடம் ‘இந்தச் சத்தத்தில் தான் பன்னிரண்டு மணித்தியாலம் நிண்டார்கள்’ எண்டு சொன்னால் அதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாற்பது இறாத்தல் கத்தரியை ஒருக்கால் தூக்கிப் பார்த்தவன் அதற்குப் பிறகு குறொப்பரை முட்டாள் எண்டு லேசில் சொல்ல மாட்டான்.

ஆகவே

எங்கட கோரிக்கை எளிமையானது. துணி முடித்த ஆலைகளில் மிஞ்சினவற்றைக் கட்டடம் வேறு, மெஷின் வேறு எண்டு பிரிக்காதீர்கள். வருசம் முழுக்கத் திறவுங்கள். தொண்டர்களின் நல்ல மனசில் மட்டும் தொங்கவிடாமல், ஓட்டத் தெரிந்தவருக்குச் சம்பளமும் பழக ஒரு இளம் ஆளும் கொடுங்கள். வெட்டு மெஷினுக்குப் பக்கத்தில் அதைச் செய்தவனின் பெயரோடு 1817 மனுவின் கணக்கையும் எழுதுங்கள். யோர்க்கில் தூக்கில் போன பதினேழு பேரையும், பத்தொன்பது வயசில் போன அந்த ட்ரோபிரிட்ஜ் பொடியனையும் எழுதுங்கள்.

இதை இலங்கையில் இருந்து எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது: அந்தச் சபைக்கு எங்கட வாக்குத் தேவையில்லை, எங்களுக்கு அவர்களின் காசு தேவையில்லை. எங்களுக்குத் தேவை அந்தக் கேள்வி மட்டும். மெஷின் வரட்டும். ஆரின்ர மெஷின்? அது மிச்சப்படுத்துற நேரமும் காசும் ஆரின்ர பைக்குள்ள போகும்? முடிவெடுக்கிற மேசையில் அந்த வேலை செய்யிறவருக்கு ஒரு கதிரை இருக்கா? குறொப்பர்மார் கேட்டது இவ்வளவும் தான். அவர்களுக்குப் பதிலாகத் துப்பாக்கி கிடைத்தது. எங்களுக்கு இப்போதைக்கு ஒரு வசவு கிடைக்கிறது.

அடுத்த முறை ஆராவது ‘லடைற்’ எண்டால் கோபப்படாதேங்கோ. கிக்-மில் எண்டால் என்ன தெரியுமா எண்டு கேளுங்கோ. தெரியாது எண்டால் இருத்தி வைச்சு, தறியில இருந்து இறங்கின நாற்றத் துணியில இருந்து தொடங்குங்கோ.